நோய் நடக்கும் வழி எது?

(கல்முனையில் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)

     

2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே, இலங்கைத் தீவு சின்னமுத்து நோயை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கிற்று. தமிழகத்தார் தட்டம்மை என்று சொல்லும் அதே நோய்தான். நான்கு ஆண்டுகள் சென்றன. 2023இல் அந்நோய் மீண்டும் வந்து வாசலில் நின்றது. 2024 ஜனவரி 6ஆம் நாள், ஆறு மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு மேலதிகமாக ஓர் ஊசி போடும் வேலையை அரசாங்கம் தொடங்கிற்று. அதற்கென ஒன்பது இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கொழும்பு, கம்பஹா, களுத்துறை, காலி, மாத்தறை, கண்டி, குருநாகல், யாழ்ப்பாணம் என எட்டு இடங்கள். ஒன்பதாவது இடம் யாது? அதுதான் நம் கல்முனை!

முன்னைய எட்டும் மாவட்டங்கள். கல்முனையோ மாவட்டமன்று. சுகாதார நிர்வாகத்திலே மட்டும் அம்பாறை மாவட்டம் இரண்டு பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டு, கரையோரம் கல்முனைப் பிராந்தியமாய் இயங்குகின்றது. கரையோர மாவட்டம் கேட்டுக் கேட்டுக் களைத்தவர்கள் இச்சபையிலும் இருப்பீர்கள். கேட்டபோது கிடைக்காத இடம், நோய்ப் பட்டியலிலே கேளாமலே கிடைத்துவிட்டது!

ஊசி போடாத ஊரா இது? அன்று. பிள்ளை பிறந்த நாள்முதல் குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுப் படி ஏறி வருகின்றார். எடை பார்க்கின்றார், அட்டையிலே குறிக்கின்றார். ஒன்பதாம் மாதத்திலே ஓர் ஊசி, மூன்றாம் வயதிலே மற்றோர் ஊசி என்பது சின்னமுத்துக்கு வகுத்த முறை. இலங்கையின் தடுப்பூசிக் கணக்கு நம்மிலும் செல்வம் மிகுந்த நாடுகளை வெட்கப்படச் செய்யும் கணக்கு. அவ்வாறிருக்க, நோய் எந்தக் கதவால் நுழைந்தது? இக்கேள்வியைத்தான் உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன். விடை தேட இரண்டு கணக்குகளைப் பார்க்க வேண்டும். ஒன்று பழைய கணக்கு. மற்றது புதிய கணக்கு.

பழைய கணக்கு 1927இல் பிறந்தது. கெர்மாக் என்பாரும் மெக்கென்ட்ரிக் என்பாரும் அதனை ஆக்கினர். மெக்கென்ட்ரிக் இந்திய வைத்திய சேவையிலே பணிபுரிந்தவர். 1905–06ஆம் ஆண்டுகளில் பம்பாய் நகரைத் தின்ற கொள்ளைநோயின் மரணக் கணக்கை எடுத்துத் தங்கள் சமன்பாட்டோடு ஒப்பிட்டுக் காட்டினர். ஊராரை அவர்கள் மூன்று கூறாக்கினர். நோய் தொற்றக் கூடியோர் ஒரு கூறு; தொற்றியோர் ஒரு கூறு; குணமடைந்தோ இறந்தோ நீங்கியோர் ஒரு கூறு. இதனின்று ஓர் அரிய உண்மை வெளிப்பட்டது. நோயை நிறுத்துவதற்கு ஊரார் அனைவரும் காக்கப்பட்டிருக்க வேண்டுவதில்லை. போதுமானவர்கள் காக்கப்பட்டிருந்தாற் போதும்.

சின்னமுத்தை எடுத்துக் கொள்வோம். காப்பில்லாத கூட்டத்திலே ஒரு நோயாளி பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு நோயைக் கொடுப்பான் என்று நூல்கள் கூறும். நடுவே பதினைந்து என்று கொள்ளுங்கள். அப்பதினைவரில் பதினால்வர் முன்னரே ஊசி பெற்றுக் காக்கப்பட்டிருந்தால், ஒருவன் ஒருவனுக்குத்தான் கொடுக்க முடியும். அதற்கும் மேலே போனால் நோய் தானே அவிந்துவிடும். ஆகவேதான் நூற்றுக்கு 95 பிள்ளைகளுக்கு ஊசி வேண்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்துகின்றனர்.

இக்கணக்கு பொய்யன்று. ஆயினும் அதற்குள்ளே ஒரு பானை ஒளிந்திருக்கின்றது. ஊர் முழுவதும் ஒரே பானைச் சோறு. கிளறக் கிளற எந்தப் பருக்கையும் எந்தப் பருக்கையோடும் ஒட்டும் என்று அது கொள்கின்றது. நம் ஊர் அவ்வாறா இருக்கின்றது?

பெரியநீலாவணையிலே தொடங்கித் தெற்கே வாருங்கள். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று! மணிமாலையிலே இருநிற மணிகளைக் கோத்ததுபோலத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து இருக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே ஒரு கீற்றாய் நெருங்கிய வீடுகள். இக்கரையிலே தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே கொண்ட வழக்கம் ஒன்றுண்டு. பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அவ்வீட்டுக்கு அழைத்துக் கொள்வது. அதனால் அக்காளும் தங்கையும் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ குடியிருக்கின்றனர். பெரியம்மா பிள்ளையும் சின்னம்மா பிள்ளையும் ஒரே முற்றத்திலே விளையாடி, ஒரே தட்டிலே உண்டு, ஒரே பாயிலே உறங்குகின்றன. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அது முதலிலே செல்லும் இடம் அடுத்த ஊரன்று, அடுத்த பாய்!

இந்த உண்மையைக் கணக்கிலே சேர்த்துக் கொள்வதுதான் வலையமைப்பு விஞ்ஞானம். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். வலையை நமக்குப் புதிதாகக் கற்பிக்க யார் வர வேண்டும்? ஆளை முடிச்சாகக் கொள்ளுங்கள். ஆளுக்கும் ஆளுக்கும் இடையேயுள்ள பழக்கத்தை இழையாகக் கொள்ளுங்கள். நோய் இழை வழியே நடக்கும். இழை இல்லாத இடத்திலே நடக்காது. 1998இல் வாட்ஸ், ஸ்ட்ரோகாட்ஸ் என்னும் இருவர் ஒன்றைக் காட்டினர். முடிச்சுகள் தத்தம் அயலோடு மட்டும் நெருங்கிப் பிணைந்த வலையிலே, அங்குமிங்கும் நீண்ட இழைகள் சிலவற்றைச் சேர்த்தாற் போதும், உலகமே சின்னஞ்சிறிதாகிவிடும். மறு ஆண்டு பரபாசி, அல்பெர்ட் என்னும் இருவர் மற்றொன்றைக் காட்டினர். இயற்கையாய் வளரும் வலைகள் பலவற்றிலே எல்லா முடிச்சும் ஒத்தவையல்ல; பெரும்பாலானவற்றுக்கு ஓரிரண்டு இழை, மிகச் சிலவற்றுக்கோ நூற்றுக்கணக்கில் இழை.

இவை ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவோர் 2020ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். ஒக்டோபர் மாதத்திலே மினுவாங்கொடையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையிலே கொவிட் நோய் வெளிப்பட்டது. அம்மாதம் முடியுமுன் பேலியகொடை மீன் சந்தை மூடப்பட்டது. பேலியகொடைக்கும் நமக்கும் என்ன உறவு என்று மீனவரைக் கேளுங்கள். இக்கரையிலே பிடிபடும் மீன் பெட்டியில் ஐஸ் இட்டு லொறியேறி இரவோடிரவாக அங்கே போய்ச் சேருகின்றது. தீவின் எல்லாக் கரைகளிலிருந்தும் அவ்வாறே போய்ச் சேருகின்றது. லொறிக்காரன், ஏலம் கூறுவோன், பெட்டி சுமப்போன், சில்லறை வியாபாரி அத்தனை பேரும் விடியற்பொழுதிலே ஒரே கூரையின்கீழ் நிற்கின்றனர். விடிந்ததும் நாடெங்கும் திரும்பிச் செல்கின்றனர். பெரிய முடிச்சு என்றால் இதனினும் பெரிய முடிச்சு எது? சில நாட்களுக்குள்ளே வாழைச்சேனையில் நோயாளர் காணப்பட்டனர். நவம்பர் கடைசியிலே அக்கரைப்பற்றும் அயலூர்களும் தனிமைப்படுத்தப்பட்டன. அதிகாரிகள் அதனைப் பேலியகொடைக் கொத்தின் கிளை என்றே எழுதினர். டிசம்பரிலே கல்முனை நகரின் ஒரு பகுதியும் அடைக்கப்பட்டது.

கொழும்புக்கும் நமக்கும் இடையே எத்தனை ஊர்கள்! அவை அத்தனையையும் ஒவ்வொன்றாய்த் தின்றுகொண்டா நோய் இங்கே வந்தது? வரைபடத்திலே அருகு வேறு. வலையிலே அருகு வேறு. பேலியகொடைக்குக் கண்டி அருகோ அக்கரைப்பற்று அருகோ என்பதை மைல்கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. லொறியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சரி, இவ்வறிவால் ஊசிக்கு என்ன பயன்? ஊசி மருந்து போதாத காலம் என்று வைத்துக் கொள்ளுங்கள். நூறு பேருள்ள ஊருக்குப் பத்து ஊசி வந்திருக்கின்றது. யாருக்குப் போடுவீர்கள்? போடியாருக்கா? தவிசாளருக்கா? அவர்கள்தாம் முதலிலே வந்து நிற்பார்கள், அதை நானறிவேன்! விஞ்ஞானம் சொல்லும் விடை வேறு. இழை மிகுந்தோருக்குப் போடு. வட்டை முழுவதும் நடந்து திரியும் வட்டவிதானைக்குப் போடு. சந்தையிலே ஏலம் கூறுவோனுக்குப் போடு. வீடு வீடாய்ச் செல்லும் குடும்ப நல உத்தியோகத்தருக்குப் போடு. 2002இல் பாஸ்டர்-சடோராஸ், வெஸ்பிக்னானி என்னும் அறிஞர்கள், பெரிய முடிச்சுகள் நிறைந்த வலையிலே கண்டபடி ஊசி போடுவதால் நோயை அடக்குவது மிகக் கடினம் என்று கணக்கிட்டுக் காட்டினர்.

ஆனால் இழை மிகுந்தோர் யார் என்பதற்குப் பட்டியல் எங்கே இருக்கின்றது? எந்தக் கந்தோரிலும் இல்லை. இதற்குத்தான் கோஹென், ஹாவ்லின், பென்-அவ்ரஹாம் என்னும் மூவர் 2003இல் ஓர் உபாயம் கண்டனர். கேட்டால் சிரிப்பு வரும். ஊரிலே யாரையாவது கண்ணை மூடிக்கொண்டு பிடியுங்கள். அவருக்கு ஊசி போட வேண்டாம். உமக்குப் பழக்கமான ஒருவர் பெயரைச் சொல்லும் என்று கேளுங்கள். அப்பெயருடையவருக்குப் போடுங்கள்!

இதென்ன விளையாட்டு என்பீர்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு தேநீர்க் கடைக்காரர். அவருக்குப் பத்து வாடிக்கைக்காரர். அப்பதின்மருக்கும் கடைக்காரரைத் தவிர வேறு பழக்கமில்லை. ஆகப் பதினொரு பேர். கண்ணை மூடிப் பிடித்தால், கடைக்காரர் கையில் அகப்பட பதினொன்றில் ஒரு வாய்ப்புத்தான். ஆனால் பிடித்தவரை ஒரு பெயர் சொல்லச் சொன்னால்? பதினொன்றில் பத்து வாய்ப்பு, கடைக்காரர் பெயரே வரும். நம் நண்பர்களுக்குச் சராசரியாக நம்மைவிட நண்பர்கள் அதிகம் என்னும் இவ்விந்தையை ஃபெல்ட் என்னும் சமூகவியல் அறிஞர் 1991இலேயே எழுதினார். 2009இல் காய்ச்சல் பரவியபோது ஹார்வார்ட் பல்கலைக்கழக மாணவரிடையே கிறிஸ்டாகிஸ், ஃபவ்லர் இருவரும் இதனைச் சோதித்தனர். பெயர் சொல்லப்பட்ட நண்பர் குழுவிலே காய்ச்சல் ஏறத்தாழ இரண்டு வாரம் முந்திக்கொண்டது. எல்லோரையும் விசாரியாமல், பெயர் சொல்லப்பட்டவரை மட்டும் கவனித்தாலே நோயின் வரவை முன்கூட்டி அறியலாம் என்பது அதன் பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இவ்வுபாயத்தைச் சின்னமுத்துக்கு அப்படியே எடுத்துச் செல்லலாகாது. சின்னமுத்துக் கிருமி, நோயாளி எழுந்து போன பின்னரும் இரண்டு மணி நேரம்வரை அறைக் காற்றிலே தங்கியிருக்கும். அதற்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊசி வேண்டும், குறுக்குவழி கிடையாது. சின்னமுத்தில் வலை நமக்குக் கற்பிக்கும் பாடம் மற்றொன்று. அதுதான் நான் தொடக்கத்திலே கேட்ட கேள்விக்கு விடை.

எடுத்துக்காட்டுக்காக ஆயிரம் பிள்ளைகளுள்ள ஓர் ஊரைக் கொள்ளுங்கள். 950 பிள்ளைகள் ஊசியால் காக்கப்பட்டவர்கள். 50 பேர் காப்பற்றவர்கள். கந்தோர்ச் சுவரிலே நூற்றுக்கு 95 என்று எழுதித் தொங்கவிடலாம். அந்த ஐம்பது பேரும் ஊரெங்கும் சிதறியிருந்தால், நோயுற்ற ஒரு பிள்ளை நெருங்கும் பதினைந்து பேரில் காப்பற்றவர் சராசரி ஒருவர்கூட இல்லை, முக்கால் ஆள்தான். நோய் அவிந்துவிடும். அதே ஐம்பது பேரும் அடுத்தடுத்த இரண்டு ஒழுங்கையிலே குடியிருந்தால்? நோயுற்ற பிள்ளை நெருங்கும் பதினைந்து பேரில் பன்னிருவர் காப்பற்றவராய் இருக்கக் கூடும். ஒன்று பன்னிரண்டாகும். சில வாரங்களில் இரண்டு ஒழுங்கையும் நோயில் வெந்துவிடும். அங்கிருந்து தெறிக்கும் பொறி, ஊசிக்கு வயது வராத கைக்குழந்தையைத் தேடிச் செல்லும். சுவரிலோ இன்னும் நூற்றுக்கு 95தான் தொங்கிக்கொண்டிருக்கும்!

ஆகவே, எத்தனை பேருக்கு ஊசி இல்லை என்று கேட்டு நின்றுவிடலாகாது. அவர்கள் எங்கே, யார் யாரோடு சேர்ந்து இருக்கின்றனர் என்றும் கேட்க வேண்டும். கிளினிக்கைத் தவறவிடும் பிள்ளை யாருடைய பிள்ளை என்று எண்ணிப் பாருங்கள். வேளாண்மை வெட்டுக் காலத்திலே வட்டையில் வாடியடித்துத் தங்கும் குடும்பத்தின் பிள்ளை. தாய் அரபு நாட்டுக்கு வேலைக்குப் போக, மூத்தம்மாவிடம் வளரும் பிள்ளை. வாடகை வீடு மாறி மாறி, எந்தப் பதிவேட்டிலும் நிலையாய் நில்லாத பிள்ளை. இத்தகையோர் ஊரெங்கும் சமமாய்ச் சிதறி வாழ்வதில்லை. ஏழ்மை ஏழ்மையின் பக்கத்திலேதான் குடியேறும். உறவும் உறவின் பக்கத்திலேதான் குடியேறும்.

இனி, நோயைத் துரத்திப் பிடிக்கும் கதைக்கு வருவோம். 1966 இறுதியிலே கிழக்கு நைஜீரியாவில் வில்லியம் ஃபேகி என்னும் வைத்தியர் பெரியம்மையோடு போராடினார். ஊரார் எல்லோருக்கும் போட அவரிடம் மருந்தில்லை. நோயாளி எங்கே என்று விசாரித்தார். நோயாளியோடு பழகியோர் யார் என்று விசாரித்தார். அவர்களைச் சுற்றி வேலியடைப்பதுபோல ஊசி போட்டார். நோய் நின்றது. 1973 முதல் இந்தியாவிலே அதே முறையைப் பெரும்படையாய்க் கைக்கொண்டு, வீடு வீடாய்த் தேடினர். 1975இல் அந்நாட்டின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். 1980இல் பெரியம்மை உலகினின்றே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. வலையமைப்பு விஞ்ஞானம் என்ற பெயர் அன்று அவர்களுக்குத் தெரியாது. செய்கையோ அதுவே.

அன்பர்களே, அந்த வேலி எதனால் அடைக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். பெயர்களால்! என் வீட்டிலே நோய் இருக்கின்றது. நேற்று இன்னாரோடு இருந்தேன். இன்ன வீட்டுக்குப் போனேன் என்று மக்கள் வாய் திறந்து சொன்ன பெயர்களால். வலையின் படம் எந்த இயந்திரத்துக்குள்ளும் இல்லை. மக்களின் நாவிலே இருக்கின்றது. அரசாங்கத்தை நம்பினால் சொல்வார்கள். நம்பாவிட்டால் சொல்வார்களா?

இந்த இடத்திலே 2020ஆம் ஆண்டின் புண்ணைத் தொடாமல் மேலே செல்ல என் மனம் இடந்தரவில்லை. கொவிட் நோயால் இறந்தோரை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி கூறியது. இருந்தும் அவ்வாண்டு ஏப்ரலில், இறந்தவர் எம்மதத்தவராயினும் எரித்தே தீர வேண்டும் என்று இந்நாட்டிலே வர்த்தமானி வெளியாயிற்று. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றனர். அதற்குச் சான்று காட்டினரா? இல்லை. பிறந்து இருபது நாளான பச்சிளங் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. உற்றார் சிலர் சடலங்களைப் பொறுப்பேற்கவும் மறுத்தனர். 2021 பெப்ரவரியிலேதான் அக்கட்டளை மாற்றப்பட்டு, மார்ச் முதல் ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. 2024 ஜூலையிலே அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பை வரவேற்போம். ஆனால் இதனைச் சுகாதாரக் கணக்காகவும் பாருங்கள். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் தந்தையின் உடல் நெருப்புக்குப் போகும் என்று அஞ்சும் மகன், தந்தையின் காய்ச்சலைச் சொல்வானா? தன்னோடு பழகியோரின் பெயரைச் சொல்வானா? ஒரு வர்த்தமானி, பரிசோதகர் கையிலிருந்த வலைப்படத்தைக் கிழித்துப் போட வல்லது.

நம்பிக்கை கெட்டால் என்னாகும் என்பதற்குப் பசிபிக் கடலிலுள்ள சமோவாத் தீவும் சாட்சி. 2018இல் அங்கே மருந்தைப் பிழையாகக் கலந்து போட்டதால் இரண்டு குழந்தைகள் இறந்தன. மக்கள் ஊசியையே வெறுத்தனர். 2019இல் சின்னமுத்து வந்து, இரண்டு இலட்சம் பேருள்ள அந்நாட்டிலே 83 உயிர்களைக் கொண்டுபோயிற்று. பெரும்பாலோர் சிறு குழந்தைகள். வதந்தியும் நோய் நடக்கும் வலையிலேயே நடக்கின்றது. நோயினும் வேகமாய் நடக்கின்றது. ஆகையால் ஜும்ஆ மேடையிலே பேசும் மௌலவியும், கோயில் முன்றலிலே பேசும் குருக்களும், வகுப்பறையிலே பேசும் ஆசிரியரும் செய்தி வலையின் பெரிய முடிச்சுகள் என்பதை அறிந்து பேச வேண்டும்.

அதிகாரிகளை நாம் கேட்பது பெரிய காரியமன்று. ஊசிக் கணக்கைப் பிரதேச வாரியாக மட்டும் எழுதாமல் ஒழுங்கை வாரியாக எழுதுங்கள். பிள்ளையின் பெயரை வெளியிட வேண்டாம். ஒழுங்கையின் இலக்கத்தை ஊராருக்குத் தமிழிலே தெரிவியுங்கள். வெட்டுக் காலத்திலே கிளினிக்கை ஒருநாளாவது வட்டைக்கு அனுப்புங்கள். மாலையிலே ஒருநாள் திறந்து வையுங்கள். கல்முனைப் பிரதேச செயலகங்களின் எல்லைத் தகராறு பற்றி நான் இங்கே பேச வரவில்லை. அதற்கு வேறு மேடைகள் உண்டு, பேசுவோரும் நிறைய உண்டு. ஆனால் எல்லைக்கு அப்பாலுள்ள ஒழுங்கையின் கணக்கு எனக்கெதற்கு என்று எந்த உத்தியோகத்தரும் சொல்லலாகாது. பாண்டிருப்புப் பிள்ளையும் மருதமுனைப் பிள்ளையும் ஒரே பஸ்ஸிலே இருமுகின்றன.

உங்களைக் கேட்பதும் ஒன்றுதான். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் சுகாதார அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்பதாம் மாதத்துக் கட்டம் நிரம்பியிருக்கும். பலரும் மறப்பது மூன்றாம் வயதுக் கட்டத்தை. அது வெறுமையாயிருந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குப் பிள்ளையைக் கொண்டு செல்லுங்கள். போகும்போது பக்கத்து வளவிலே தங்கையின் பிள்ளையுடைய அட்டையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் வயலில் வேலை செய்யும் குடும்பம் வாடியிலே இருந்தால், அந்தத் தாய்க்கு அன்றைய நாட்கூலியை வெட்டாமல் கொடுத்து அனுப்புங்கள். கிளினிக் நாள் எது என்று தெரியாதவர்கள், இக்கூட்டம் கலையுமுன் முன்வரிசையிலே அமர்ந்திருக்கும் குடும்ப நல உத்தியோகத்தர்களிடம் கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள்.